கட்டாத வேப்பிலை

குமரேசா,

அன்றைக்கு நம் வாசலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் தான் அங்கே இல்லை என்று நழுவக் கூடாது. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலின் விளிம்பில், பேன்ட் கசங்கிவிடுமோ என்று பயந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார் உன் ஆராய்ச்சிக் கைடு சபாபதி சார். காலேஜ் ஜீப்பின் மேல் சாய்ந்து, பீடி பற்றவைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார் டிரைவர் யூசுப் பாய். உன் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு கோளாறும் இல்லாத செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த உன் அத்தை பட்டம்மா வாசற்படியில் உட்கார்ந்து, முறத்திலிருந்த அரிசியைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அஞ்சலை, நம் கிழட்டு ஆடு செவலச்சியின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். ஆட்டின் கழுத்தைப் பிடித்தபடி நீ. உனக்கு எதிரில் நான். இவ்வளவு பேர்தான். இவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் இத்தனை வருஷத்தில் மன்னித்துவிட்டேன், உன்னையும் சேர்த்து. அந்த ஒருவரைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து மளிகைக்கடை போனுக்குக் கூப்பிட்டாய். பாப்பாவுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம், அஞ்சலை சித்திக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பினால் நன்றாக இருக்காது, நீயே போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடு அம்மா என்றாய். சரி என்றேன். தட்டை எடுத்துத் துலக்கினேன். வெற்றிலை வாங்கிவந்தேன். வெற்றிலை வாடிப்போய் மறுபடியும் வாங்கிவந்தேன். அவள் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான், உனக்குத் தெரியும். அதைத் தாண்ட என்னால் முடியவில்லை. இன்னும் கூப்பிடவில்லையா என்று நீ கேட்பாய். கேட்டால் நான் மறுபடியும் ஒரு பொய் சொல்வேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்காதே. உன் பெண்டாட்டி படிக்கட்டும். காதுகுத்துக்கு வருகிறவர்கள் முன்னால் வாசித்துக் காட்டு. பொய்யை நாலு பேர் முன்னால்தான் சொன்னேன், இதுவும் நாலு பேர் காதில் விழட்டும்.

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது என்னைக் கைராசி இல்லாதவள் என்றார்கள். சொன்னது உன் அத்தை பட்டம்மா. நான் முதன்முதலாக வைத்த பால் திரிந்துபோனது, நான் ஊன்றிய அவரை காய்க்கவில்லை, அது போதும் அவளுக்கு. என் கல்யாணப் பந்தியில் என்னைத் தாண்டிப்போய் அப்பளம் வைத்தவனின் முகம்கூட எனக்கு இன்னும் மறக்கவில்லை, அவள் சொன்னதையா மறப்பேன்? திருவள்ளூர்ப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த நாங்கள், உன் அப்பாவுக்கு ஃபேக்டரியில் ஹெல்பர் வேலை கிடைத்ததும் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு வந்தோம். ஒரே ஒரு பெட்டை ஆட்டை வாங்கிக் கட்டினேன். அது மூன்று குட்டி போட்டது, மூன்றும் தங்கின. அப்புறம் என் கையிலிருந்து குட்டி வாங்கிப்போனவர்கள் வீட்டிலெல்லாம் பட்டி பெருகியது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் காம்பவுண்டுக்கு வெளியே குடிசை போட்டிருந்தவர்கள் முதல் திருநின்றவூர்வரை என்னைத் தேடி வந்தார்கள். கைராசிக்காரி என்று பெயர் வந்தது. பட்டம்மாவே ஒருநாள் வந்து, "உன் கையால ஒரு குட்டி குடு" என்று கேட்டாள். அன்றைக்கு நான் தின்ற சோறு மாதிரி ஒரு ருசியான சோற்றை அதற்கு முன்னும் பின்னும் தின்றதில்லை.

நீ வெட்னரி காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன வருஷம் ஆட்டு வெக்கை வந்தது. நீ அதைப் பார்க்கவில்லை. முதலில் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். அப்புறம் வாயெல்லாம் புண், நாற்றம், பேதி. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும், தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்தபடியே விழும். நம் பட்டியில் மூன்று செத்தன. செவலச்சியும் இன்னும் சிலதும் எப்படியோ பிழைத்துக்கொண்டன. ஆட்டுக்கு வெக்கை கண்டால் வாசலில் வேப்பிலை கட்டவேண்டும் என்பது நம் ஏரிக்கரையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். வேப்பிலை தொங்குகிற வீட்டுக்கு யாரும் ஆடு ஓட்டிக்கொண்டு வரமாட்டார்கள், அந்த வீட்டு ஆட்டை யாரும் வாங்க மாட்டார்கள், அந்த வீட்டுக்காரியும் தன் ஆட்டைக் கரையில் மேய விடமாட்டாள். நம் வீட்டில் வேப்பமரமே நின்றது. கையை நீட்டினால் கொத்து. நான் கட்டவில்லை. கட்டினால் கைராசிக்காரி என்ற பெயர் அன்றோடு போய்விடும் என்று பயந்தேன். செத்ததை விடியும் முன்னால் உன் அப்பாவும் நானும் ஏரி உள்வாயில், தண்ணீர் வற்றிய இடத்தில் புதைத்துவிட்டு வந்தோம். மனுஷன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "கட்டிடு புள்ள, நமக்கு எதுக்கு" என்றார்.

அந்த வாரம்தான் அஞ்சலை வந்தாள். அவளுக்கு ஏற்கெனவே நாலைந்து ஆடு இருந்தது, அதை வைத்துத்தான் அவள் பிழைப்பு. புருஷன் போனவன் போனவன்தான். என்னிடம் இரண்டு குட்டி வாங்கிச் சேர்த்தால் பட்டி பெருகும் என்று ஆசை. எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சோறு ஊட்டியவள் அவள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இப்போது வேண்டாம், அடுத்த ஈத்துக்கு வா என்றிருக்கலாம். ஏன் என்று கேட்பாளே என்று பயந்தேன். பட்டம்மா வேறு அன்றைக்கு இங்கேதான் உட்கார்ந்திருந்தாள். குட்டி இரண்டுக்கும் மூக்கில் ஈரம் இருந்தது. அவள் கயிறு எடுத்துவரப் போன நேரத்தில் முந்தானையால் துடைத்தேன். நெற்றியில் மஞ்சள் வைத்தேன். "உன் கையால புடிச்சுக் குடு அக்கா" என்றாள். பிடித்துக் கொடுத்தேன். குமரேசா, இந்தத் துடைத்த கதையை நான் உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

அஞ்சலையின் பட்டியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் முதல் குட்டிக்கு மூக்கு ஒழுகிய அன்றே வாசலில் வேப்பிலை கட்டினாள். நம் மரத்திலிருந்து ஒடித்துக்கொண்டு போய்த்தான் கட்டினாள், என்னைக் கேட்டுவிட்டு. கரையில் முதலில் வேப்பிலை தொங்கியது அவள் வீட்டில் என்பதால் வெக்கை அவள் வீட்டிலிருந்துதான் கிளம்பியது என்று பேச்சாயிற்று. அடுத்தடுத்து ஆடு செத்தவர்கள் அவளைத் தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். பட்டம்மா என் காதுபடச் சொன்னாள், "சிலர் கையி அப்பிடி. நம்ம ஊட்டு குட்டியக் கூட கொன்னுட்டா பாரு." நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அஞ்சலை ஆடே கட்டவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். நாளெல்லாம் நின்று நின்று அவள் கால் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறதே, அதை நீ பார்த்திருக்கிறாய். எதனால் என்று உனக்குத் தெரியாது.

நீ பெரிய படிப்பு படித்து அதற்கு மேலும் படிக்கிறேன் என்று லேபில் உட்கார்ந்தாய். பக்கத்து வீட்டுப் பையன்கள் ஃபேக்டரி சங்கு ஊதினதும் சட்டை மாற்றிக்கொண்டு போனார்கள், நீ என்ன செய்கிறாய் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் உன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். புளித்த வாடை. உன் அப்பா சம்பள நாளில் வந்து நிற்பாரே, அதே வாடை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். நீ அழவில்லை, கோபிக்கவும் இல்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, "அம்மா, இது குடிச்ச வாடை இல்ல. வளத்த வாடை" என்றாய். உன் அப்பா திண்டில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "அடப்பாவி, லேபுல காய்ச்சறீங்களாடா, அப்பனுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா" என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு நம் வீட்டில் அதற்கப்புறம் வரவில்லை. அறைந்ததற்கு நான் அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அன்றைக்கு நீ எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். ரொட்டியை உப்ப வைக்கிறதே ஈஸ்ட், கள்ளில் நுரை கட்டுகிறதே, அந்த ஜாதிதான் இதுவும். வெக்கைக் கிருமியை அப்படியே லேபில் வளர்த்தால் ஆபத்து, எங்கேயாவது தப்பித்து ஒரு பட்டியில் நுழைந்தால் போச்சு. அதனால் அந்தக் கிருமியின் உடம்பில் ஒரே ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் எடுத்து ஈஸ்ட்டுக்குள் வைத்துவிடுவீர்கள். ஈஸ்ட் தன் பாட்டுக்குத் தின்று பெருகும்போது அந்தப் புரதத்தையும் செய்து கொடுக்கும். அதற்கு நோய் உண்டாக்கத் தெரியாது. அந்தப் புரதத்தைக் குழிப்பணியாரச் சட்டி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் தட்டில் ஒட்டி, மேலே ஆட்டு ரத்தத்தில் தெளிந்து நிற்கிற நீரை விடவேண்டும். வெக்கை வந்து பிழைத்த ஆடாக இருந்தால் குழி மஞ்சளாகும். வராத ஆடாக இருந்தால் வெறுந்தண்ணீர் மாதிரி நிற்கும். "ஒரு தடவ வந்து போனா போதும்மா, அந்த ரத்தம் சாகுற வரிக்கும் அத்த மறக்காது" என்றாய். அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அப்புறம் நீ ஊசியும் கண்ணாடிக் குழாயுமாக வந்தாய். வெக்கையே அறியாத ஆட்டின் ரத்தம் வேண்டும், அதை வைத்துத்தான் மற்ற ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும், ஊர் உலகத்தில் யாரைக் கேட்டாலும் நோய் வந்ததை மறைக்கிறார்கள், அதனால் கைடிடம் எங்கம்மா ஆட்டிலிருந்தே எடுத்துவருகிறேன், எங்கம்மா பொய் சொல்ல மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றாய். லீவு நாள் என்பதால் அஞ்சலை ஆட்டைப் பிடிக்க வந்திருந்தாள். அவள் கை செவலச்சியின் மேல் இருந்தது. நீ ஊசியை எடுத்துக்கொண்டே, சும்மா கேட்பதுபோல், "இதுங்களுக்கு எப்பவாச்சும் வெக்கை வந்துச்சாம்மா" என்றாய். வந்தது என்றால் எப்போது என்பாய். எப்போது என்று சொன்னால் பிறகு ஏன் அஞ்சலைக்குக் குட்டி கொடுத்தேன் என்று அவளே கேட்பாள். "இல்ல நைனா" என்றேன். நீ மறுபடியும் கேட்கவில்லை. நம்பினாய்.

அந்த ரத்தம் உன் தட்டில் மஞ்சளாகிக்கொண்டே இருந்தது. நீ ஈஸ்ட்டைச் சந்தேகித்தாய், புரதத்தைச் சந்தேகித்தாய், தட்டைச் சந்தேகித்தாய், தண்ணீரைச் சந்தேகித்தாய். என்னைச் சந்தேகிக்கவில்லை. கழுவினதைக் கழுவி, வடித்ததை வடித்து, திரும்பத் திரும்ப வளர்த்தாய். வீட்டுக்கு வந்தால் தட்டில் சோறு ஆறிப்போகும். கன்னம் ஒட்டிப்போயிற்று. சபாபதி சார் ஆட்டுக்கு என்ன தீனி என்று கேட்டிருக்கிறார். ஆவடி மார்க்கெட் பேக்கரியில் மீந்துபோன பன்னும் ரொட்டி ஓரமும் வாங்கிப் போடுவார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். பிடித்துக்கொண்டார் மனுஷன். ஈஸ்ட் தின்று வளர்ந்த ஆடு, அதன் ரத்தம் ஈஸ்ட்டைக் கண்டு மஞ்சளாகிறது, நோயைக் கண்டு இல்லை, உன் வழியே தப்பு, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார் என்றார். நீ விடவில்லை. யூசுப் பாயைக் கூட்டிக்கொண்டு வந்து நம் பட்டியில் எல்லா ஆட்டிலும் ரத்தம் எடுத்துப் பார்த்தாய். அதற்குப் பிறகுதான் அவர், செவலச்சியின் ரத்தத்தைத் தன் கண் முன்னால் எடுக்கச் சொல்லி, ஜீப்பில் வந்தார். நான் முதலில் எழுதினேனே, அந்த நாள்.

நான் டீ போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கட்டில் காலருகே வைத்தார், தொடவே இல்லை. ஆடை கட்டிப்போய் ஒரு எறும்பு விழுந்தது. அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ பேசினாய். "சார், எல்லா ஆடும் அதே பன்னதான் தின்னுது. ஈஸ்ட்டுதான் காரணம்னா எல்லாமே மஞ்சளாகணும். கிழட்டு ஆடுங்க மட்டும்தான் ஆகுது, அப்புறம் பொறந்த குட்டிங்க ஒண்ணுகூட ஆகல. என் புரதம் சரியாத்தான் சொல்லுது சார்." சார் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "ஏம்மா, இந்தக் கிழட்டு ஆடுகளுக்கு எப்பவோ வெக்கை வந்திருக்கு. வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க பையன் ஜெயிச்சுட்டான். வரலைன்னா இவன் செஞ்சது அத்தனையும் குப்பை." அதைவிடத் தெளிவாக யாராலும் கேட்க முடியாது. நான் வாயைத் திறப்பதற்குள் பட்டம்மா படியிலிருந்து, "எங்க தம்பி பொண்டாட்டி கைராசிக்காரி சார், அவ ஆட்டுக்கு நோயே அண்டாது" என்றாள். புகழ்ந்தாளா குத்தினாளா, இன்னும் எனக்குத் தெரியாது. எதிரே அஞ்சலை குனிந்திருந்தாள். நான் எழுந்து வந்து உன் தலையில் கை வைத்தேன். "எம் புள்ள மேல சத்தியமா வரல" என்றேன்.

உன் தலை என் கைக்குக் கீழே அசையாமல் இருந்தது. உன் அப்பாவின் கை செயினில் நின்றுவிட்டது. சார் அஞ்சலையிடம் திரும்பினார். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாமல் இருக்காது, நீ சொல்லும்மா என்றார். அவள் ஆட்டின் காலை விடாமலே நிமிர்ந்து பார்த்தாள். முதலில் என்னை, அப்புறம் உன்னை. போச்சு என்று நினைத்தேன். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அவளுக்கு உரிமை இருந்தது. அவள் மெதுவாகச் சொன்னாள். "இல்ல சார். அந்த ஊட்டு ஆட்டுக்கு ஒரு தும்மல்கூட வந்து நான் பாத்ததில்ல." அதற்கப்புறம்தான் நீ பேசினாய். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னாய். "நான்தான் டியூபுல பேர மாத்தி ஒட்டிட்டேன் போல சார்." யூசுப் பாய்கூட, "ஏன் தம்பி, நீ ஒட்டறத நான் பாத்தேனே" என்றார். நீ கேட்காத மாதிரி இருந்தாய். சபாபதி சார் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னால், கவனக்குறைவுக்காரனுக்கு லேபில் இடமில்லை என்றார். இன்னும் என்னென்னவோ இங்கிலீஷில் சொன்னார். புரியாவிட்டாலும் புரிந்தது. நான் அங்கேதான் நின்றேன். என் வாய் என்னிடம்தான் இருந்தது.

ஜீப் போனது, நீயும் அதிலேயே போனாய். எல்லோரும் உள்ளே போன பிறகு அஞ்சலை தொட்டியில் கை கழுவினாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவள்தான் பேசினாள். "நீ குட்டிங்க மூக்கத் தொடச்சத நான் அன்னிக்கே பாத்தேன் அக்கா. கயிறு எடுத்துகினு திரும்பி வந்தேன்ல, அப்போ. உன் கையிதான, ஒண்ணும் ஆவாதுன்னு வாங்கிகினேன்." நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். "இப்போ இன்னாத்துக்குப் பொய் சொன்ன" என்று கேட்டேன், என்னமோ அவள்தான் குற்றவாளி மாதிரி. "புள்ள முன்னாடி நீ தல குனிஞ்சி நிக்க வேணாம்னு தோணிச்சி. அது எப்பவோ போன ஆடு. நான் அத்த அன்னிக்கே உட்டுட்டேன். நீயும் உட்டுடு" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

உன் வேலை குப்பையாகவில்லை. சார் உன்னை மறுபடியும் லேபுக்குள் விட்டார். நீ வேறு ஊர்களுக்குப் போய், நோய் வந்த ஆடு வராத ஆடு என்று உண்மை சொல்கிறவர்களாகத் தேடிப் பிடித்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் செய்தாய். ஈஸ்ட் செய்த புரதம் சரியாகவே சொல்லிற்று என்று கடைசியில் சாரே ஒப்புக்கொண்டார். ஆனால் உன்னோடு படித்தவர்கள் உனக்கு முன்னால் போய்விட்டார்கள், வெளிநாட்டில் உனக்கு இருந்த இடத்துக்கு வேறு ஒருவன் போனான். உன் கல்யாண ரிசப்ஷனில் சார் உன் மாமனாரின் தோளில் கை போட்டு, "உங்க மாப்பிள்ளை கெட்டிக்காரர், டியூப் மாத்தி ஒட்டுறதுல மட்டும் இன்னும் கெட்டிக்காரர்" என்று சொல்லிச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் ஸ்வீட் தட்டை ஏந்திக்கொண்டு அங்கேதான் நின்றேன். இவன் மாற்றி ஒட்டவில்லை என்று சொல்ல நினைத்தேன், "இன்னும் ஒண்ணு எடுத்துக்குங்க" என்றேன். இந்தக் கடிதத்தை அவருக்கும் அனுப்பு. அவர் டீயைக் குடிக்காததை நான் மன்னித்துவிட்டேன் என்றும் சொல்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் பெற்றவள் வாய் சும்மா இருக்காது. நீ இப்போதும் ஊர் ஊராகப் போய் ஆட்டுக்காரர்களிடம் நோய் வந்ததா என்று கேட்கிறாய். பக்கத்து வீட்டுக்காரி நிற்கும்போது கேட்காதே. தனியாகக் கூப்பிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேள். இன்னொன்று, பாப்பா வளர்ந்து ஏதாவது பொய் சொன்னால் அந்தப் பொய்யை நீ சுமக்காதே. அடி வேண்டாம், திட்டும் வேண்டாம், ஆனால் அவள் சொன்னதை அவளே திருப்பி எடுத்துக்கொள்ளும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திரு. அன்றைக்கு நீ தரையைப் பார்த்து டியூபை மாற்றிவிட்டேன் என்றாயே, அதில் நான் தப்பித்தேன் என்று நினைத்தாய். நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். நீயாவது இரண்டாவது தடவை என்னைத் தனியாகக் கேட்டிருக்கலாம். நீ கேட்கவே இல்லை. வருவாய், காலில் விழுவாய், பணம் அனுப்புவாய், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதற்காக உன்மேல் ரொம்ப நாள் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை.

நாளைக் காலையில் புது வெற்றிலை வாங்கி வேலியைத் தாண்டிப் போகப்போகிறேன். கிளம்பும் முன்னால் நம் மரத்தில் ஒரு கொத்து ஒடித்து வாசலில் கட்டுவேன். இப்போது ஆடு இல்லை, கரையெல்லாம் பிளாட் போட்டு வீடாகிவிட்டது, பார்க்கிறவர்கள் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். எதற்கு என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வேன், வெக்கை முதலில் வந்தது என் வீட்டில்தான், அவள் வீட்டில் இல்லை என்று. அவள் வந்து பாப்பாவை மடியில் வாங்கிக்கொள்ளட்டும், நீ அவளுக்கு நல்ல புடவையாக எடுத்துக் கொடு. அவளுக்கு இதெல்லாம் சேரவேண்டியது.

ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன். பட்டம்மாவை அவள் சாகிற அன்றைக்கு வாயில் பால் ஊற்றி மன்னித்தேன். உன் அப்பாவை, அவர் வாய் திறக்காததற்காக, அவர் போனபிறகு மன்னித்தேன். யூசுப் பாய்மேல் எனக்கு ஒன்றுமே இல்லை, அன்றைக்கு உண்மை சொன்ன ஒரே வாய் அவருடையது. ஒருத்தியை மட்டும் முடியவில்லை. மீன் குழம்பு வைத்தால் இன்னும் எனக்கு ஒரு கிண்ணம் கொண்டுவருகிறாள், அவள் போனதும் அதைச் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன். அவள் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் நான் குழாய்க்குப் போவதில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் முகத்துக்கு நேரே கத்தியிருந்தால் நானும் கத்தி, அழுது, அவள் காலைப் பிடித்து முடித்திருப்பேன். அவள் அதற்கு இடம் வைக்கவில்லை. வெக்கை வந்த ரத்தம் மாதிரி என் ரத்தமும் சாகிறவரை மறக்காது, குமரேசா. நான் கேட்பதற்கு முன்னாலேயே, நான் கேட்காமலேயே, என்னை மன்னித்துவிட்டுப் போனாளே, அவளை நான் மன்னிக்க மாட்டேன். அஞ்சலையை.